போர் தண்ணி டெஸ்ட் கிட்: மாடு வச்சிருக்கவங்க வாங்கலாமா?

5க்கு 3 ஸ்டார். அந்த மூணும் நைட்ரேட் அளவு பாக்கற ஸ்ட்ரிப்புக்கு மட்டும்தான், கூட வர்ற டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்க மொத்த உப்பு) பேனாவுக்கு ஒன்னும் கிடையாது. கீழ வர்ற அளவெல்லாம் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு.

பேனாவ முதல்ல முடிச்சிடறேன். தண்ணில முக்குனா நம்பர் வருது, வேலை செய்யலன்னு சொல்ல முடியாது. ஆனா அது பாக்கறது தண்ணில கரண்ட் எவ்ளோ பாயுதுங்கறத மட்டும்தான், அதுலருந்து மொத்த உப்பு இவ்ளோன்னு ஒரு கணக்கு போட்டு காட்டுது, எந்த உப்புன்னு அதுக்கு தெரியாது. டிடிஎஸ் 600ன்னு காட்டுற தண்ணில நைட்ரேட் 200 இருக்கலாம், ஃப்ளோரைடு 4 இருக்கலாம், ஆர்சனிக் இருந்தா அந்த நம்பர் அசையக்கூட அசையாது. இத அட்டைல மாட்டு படம் போட்டு "பாதுகாப்பான தண்ணியா, ஒரே நொடியில்"னு விக்கறாங்க பாருங்க, அதுக்குத்தான் ஸ்டார் போச்சு. வெறும் உப்பு பாக்கணும்னா ஓகே, 1000க்கு கீழ இருந்தா உப்பால பிரச்சனை இல்ல, 3000 பக்கம் போனா பழக்கமில்லாத மாட்டுக்கு கொஞ்ச நாள் கழிச்சல் இருக்கும், 7000 தாண்டுனா சினை மாட்டுக்கும் கன்னுக்கும் வைக்கவே வைக்காதீங்க.

இப்ப ஸ்ட்ரிப். இது நெஜமாவே உபயோகமான சாமான். நுனில ரெண்டு சின்ன சதுரம், ஒன்னு நைட்ரேட், இன்னொன்னு நைட்ரைட். ஒரு செகண்ட் முக்கி எடுத்து, உதறி, ஒரு நிமிஷம் விட்டா வெள்ளைலருந்து ரோஸா மாறும், டப்பால ஒட்டிருக்க கலரோட வச்சு பாக்கணும். 25க்கும் 50க்கும் வித்தியாசம் நல்லா தெரியுது, 100க்கு மேல எல்லாம் ஒரே டார்க் ரோஸ்தான், ட்யூப்லைட் வெளிச்சத்துல சுத்தமா பிரிச்சு பாக்க முடியல, வெயில்ல கொண்டு போய் பாருங்க. ரொம்ப டார்க்கா வந்தா ஒரு பங்கு போர் தண்ணிக்கு நாலு பங்கு டிஸ்டில்டு வாட்டர் கலந்து திரும்ப முக்குங்க, வர்ற நம்பர அஞ்சால பெருக்கிக்கலாம். மோட்டார் போட்ட உடனே வர்ற தண்ணிய புடிக்காதீங்க, அது பைப்புல தேங்கி நின்னது.

ஏன் நைட்ரேட்டுக்கு இவ்ளோ பேசறேன்னா, யூரியா அதிகமா போடற வயலுக்கு நடுவுல இருக்க போர், சாணி குழிக்கு பக்கத்துல இருக்க கிணறு, இங்கெல்லாம் முதல்ல எறங்கறது அதுதான். கலரும் கிடையாது, நாத்தமும் கிடையாது, காய்ச்சுனாலும் போகாது, இன்னும் சொல்லப்போனா தண்ணி சுண்ட சுண்ட ஏறும். மாட்டு வயித்துல இருக்க கிருமிங்க நைட்ரேட்ட நைட்ரைட்டா மாத்துது, அது ரத்தத்துல கலந்தா ஹீமோகுளோபினால ஆக்சிஜன தூக்கிட்டு போக முடியாது. மூச்சு வாங்கும், தள்ளாடும், ஈறு நீலமோ பழுப்போ ஆயிடும், ரத்தம் எடுத்தா சாக்லேட் கலர்ல இருக்கும். அந்த ஸ்டேஜ்ல டாக்டர் வந்து மெத்திலீன் ப்ளூ ஊசி போட்டாதான் உண்டு. இதே தண்ணி கோழிக்கும் பன்னிக்கும் அவ்ளோ சீக்கிரம் ஒன்னும் பண்ணாது, அசைபோடற வயிறு இல்லல்ல.

கிட்டோட பெரிய குறை அந்த சார்ட்டுதான். அதுல 50ல செவப்பு கோடு, அது மனுஷனுக்கான அளவு. மாட்டுக்கு 44 வரைக்கும் கவலை வேணாம், 132 வரைக்கும் தீவனம் சரியா இருந்தா தாங்கும், 220 வரைக்கும் நாள்பட குடிச்சா கெடுதல், அதுக்கு மேல போனா உயிருக்கே ஆபத்து. இந்த கணக்கு கிட்டோட வர்ற பேப்பர்ல எங்கயும் இல்ல. வாடுன இளஞ்சோளத்தட்டுல வேற நைட்ரேட் ஏறிருக்கும், தண்ணில வர்றதும் தட்டுல வர்றதும் ஒரே வயித்துக்குள்ளதான் சேருது, அதையும் யாரும் எழுதல. இன்னொன்னு, சில டப்பால நைட்ரேட்னு இருக்கும், சிலதுல நைட்ரேட்-நைட்ரஜன்னு இருக்கும், ரெண்டாவது நம்பர 4.4ஆல பெருக்குனாதான் நான் மேல சொன்ன அளவோட ஒத்து வரும். அதாவது ஒரு டப்பால 50ன்னா தாங்கும், இன்னொன்னுல 50ன்னா 220, மாட்ட கட்டி வச்சுட்டு வேற தண்ணி தேடணும்.

ஃப்ளோரைடு, சல்ஃபேட், ஈயம், பூச்சி மருந்து இதுக்கெல்லாம் இந்த கிட்டு ஆகாது, லேபுக்கு பாட்டில் அனுப்பித்தான் ஆகணும். கன்னுங்களுக்கு பல்லு திட்டு திட்டா பழுப்பாகி சீக்கிரம் தேயுது, பெரிய மாடு நொண்டுதுன்னா லேபுல ஃப்ளோரைடு பாக்க சொல்லி கேளுங்க, லிட்டருக்கு 2 மில்லிகிராம் தாண்டக்கூடாது. விடாம கழிச்சல், தீவனம் நல்லா போட்டும் முடி வெளுத்து போகுதுன்னா சல்ஃபேட்டும் சேத்து கேளுங்க, அது செம்புச்சத்த ஒட்ட விடாது. சும்மா "தண்ணி டெஸ்ட்"னு குடுத்தா மனுஷன் குடிக்கற லிஸ்டதான் பாத்து அனுப்புவாங்க, மாட்டுக்குன்னு ஃபார்ம்லயே எழுதிடுங்க.

வாங்கறவங்க டப்பா மேல எக்ஸ்பயரி பாத்து வாங்குங்க, ஈரக்கையோட ஸ்ட்ரிப் எடுக்காதீங்க. எனக்கு வந்த டப்பால ஈரம் உறிஞ்சற பொட்டலமே இல்ல, அதனாலயோ என்னவோ கடைசி ஸ்ட்ரிப்புங்க முக்கறதுக்கு முன்னாடியே லேசா ரோஸா இருந்துச்சு.