பெரிய எழுத்து வேதாகமம்: அம்மா ஆறு மாதம் வாசித்த பிறகு

போன லெந்து காலத்துக்கு (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) முன்னால் அம்மாவுக்குப் பெரிய எழுத்து வேதாகமம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கண் மங்கிய அப்பா அம்மாவுக்கு வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று, ஆறு மாதம் அவள் வாசிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் சில விஷயங்களைப் பார்த்து வாங்க வேண்டும். அதில் ஒன்றை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு 68 வயது. தென்காசிக்குக் கிழக்கே ஒரு கிராமம். நாற்பது வருஷத்துக்கு மேல் பீடி சுற்றியவள். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண் இன்னும் மங்கல்தான். கல்யாணத்துக்குச் சபையில் கொடுத்த வேதாகமம் வீட்டில் இருக்கிறது. அதன் எழுத்து கடுகு மாதிரி. கடைசி ஆறு வருஷமாக அதை அவள் தலைமாட்டில் வைத்திருந்தாளே தவிர, திறந்து வாசிக்க முடியவில்லை. என் கைப்பேசியில் ஒலி வேதாகமம் போட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் கேட்டாள். அப்புறம், "கேக்கது வேற, படிக்கது வேறட்டி. அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கு. எனக்கு ஒரு எடத்துல நிக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் வாங்கினேன். விலை ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. 'பெரிய எழுத்து' என்று அட்டையில் போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். அப்படிப் போட்ட மூன்று அளவுகள் அங்கேயே இருந்தன. ஒன்று சாதாரணத்தைவிடச் சற்றுத்தான் பெரிது. மூன்றையும் வாசலுக்கு எடுத்துப் போய், வெளிச்சத்தில் ஒரே சங்கீதத்தை, அதாவது வேதாகமத்தில் வரும் துதிப்பாடல்களில் ஒன்றைத் திறந்து வைத்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். கடையில் இருந்த அக்கா, "எல்லாப் பக்கமும் இருக்கான்னு புரட்டிப் பாத்துட்டு வாங்குங்க, சிலதுல ஒரு கத்தை மாறி வந்திரும்" என்றார். பத்து நிமிஷம் ஆனாலும் அந்த வேலையைக் கடையிலேயே முடித்துவிடுவது நல்லது.

எழுத்தின் அளவைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தரங்கம்பாடி ஞாபகம் வந்தது. அங்கே ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயருக்கு, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் மிகவும் பெரியவை. அதில் அடித்தால் காகிதம் போதாது என்று, தரங்கம்பாடிப் பக்கத்திலேயே சின்ன எழுத்து வார்த்துக்கொண்டார்கள். அப்படித்தான் 1715-இல், வேதாகமத்தின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாடு தமிழில் முழுசாக அச்சேறியது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுதான். காகிதத்துக்காக அன்றைக்குச் சிறுத்த எழுத்து, 300 வருஷம் கழித்து எங்கம்மாவின் கண்ணுக்காகத் திரும்பவும் பெருத்திருக்கிறது. எனக்கு அது சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். கனம் அதிகம். வயதானவர்கள் கையில் தூக்கிப் பிடித்து வாசிக்க முடியாது. கோவிலுக்கு எடுத்துப் போகவும் தோதுப்படாது. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதன்மேல் விரித்துக்கொள்கிறாள். நாற்பது வருஷம் மடியில் சுளகு இருந்த அதே இடம். முதுகும் அதே வளைவில்தான் வளைகிறது. மேசை மேல் வைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தேன், அவளுக்குப் படியவில்லை.

தாள் மிக மெல்லிசு. மறுபக்கத்து எழுத்து லேசாகத் தெரியும், ஆனால் வாசிப்பைக் கெடுக்கிற அளவுக்கு இல்லை. கஷ்டம் புரட்டுவதில்தான். புதுசில் தாளின் விளிம்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இலையும் நூலும் உரசி உரசி அம்மாவின் விரல் நுனி வழுவழுப்பாகிவிட்டது. ரேஷன் கடை மெஷினில் அவள் ரேகை நாலு தடவை வைத்தால் ஒரு தடவை விழும். அந்த விரலுக்கு இந்தத் தாள் பிடிபடவே இல்லை. பணம் எண்ணுகிறவர்கள் விரலில் மாட்டுகிற ரப்பர் உறை ஒன்று வாங்கிக் கொடுத்த பிறகுதான் சரியானது. விளிம்பில் புத்தகப் பெயர் போட்டு அரைவட்டமாக வெட்டிய பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். சங்கீதத்துக்கும் மத்தேயுவுக்கும் தாண்ட அது பெரிய உதவி. குறி நாடா இரண்டு இருக்கிறது. ஒன்று எப்போதும் சங்கீதத்தில்தான் கிடக்கும்.

முதல் நாள் அம்மா திறந்தது 136-ஆம் சங்கீதம். அதில் ஒவ்வொரு வசனமும் 'அவர் கிருபை என்றுமுள்ளது' என்று முடியும். ஆள்காட்டி விரலை எழுத்துக்கு அடியில் வைத்து, வார்த்தை வார்த்தையாக நகர்த்திக்கொண்டு போனாள். ஒவ்வொரு வசன முடிவிலும் விரல் ஒரு நொடி நின்றது. நான் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு நிமிர்ந்து, "இருபத்தாறுட்டி" என்றாள். என்ன இருபத்தாறு என்றேன். "கிருபைன்னு இருபத்தாறு தடவ வருது. ஒரு கட்டுக்கு ஒண்ணு கூட."

பீடிக் கட்டு ஒன்றுக்கு 25. ஆயிரத்துக்கு 40 கட்டு. அந்தக் கணக்கில்தான் எங்கள் வீடு ஓடியது. சாயங்காலம் கடையில் கொண்டு போய்க் கொடுத்தால், ஒவ்வொரு கட்டாக அமுக்கிப் பார்த்து, நுனி சரியில்லை, தூள் குறைவு என்று கழித்துப் போடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது, இலைக்கும் தூளுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். ஒன்று குறைந்தால் கட்டு இல்லை என்றே வாழ்ந்தவள், ஒன்று கூடுதலாக வந்ததைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் அந்தச் சங்கீதத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். எண்ணியதே இல்லை.

இதில் மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இது 1871-இல் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் செய்து முடித்த பழைய மொழிபெயர்ப்பு. நம் சபைகளில் இன்றும் வாசிப்பது. சங்கீதத்தில் கடவுளின் மாறாத அன்பைச் சொல்கிற எபிரெயச் சொல்லுக்கும், புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் பவுல் தகுதியில்லாதவனுக்குக் கிடைக்கிற தயவைச் சொல்லும் கிரேக்கச் சொல்லுக்கும் இது ஒரே வார்த்தை போட்டிருக்கிறது: கிருபை. கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தில் முதலாவது 'பேரன்பு', இரண்டாவது 'அருள்'. அது இன்னும் நுட்பமானது, நல்ல தமிழ். ஆனால் பழைய மொழிபெயர்ப்பில் வளர்ந்தவர்களுக்குத் சங்கீதம் பாடிய தாவீதின் காலத்துக் கிருபையும் பவுல் சொன்ன கிருபையும் ஒரே ஆறாக ஓடிவருகிறது. 'என் கிருபை உனக்குப் போதும்' என்று பவுலுக்குச் சொன்னதை வாசிக்கும்போது, அந்த இருபத்தாறும் பின்னால் நிற்கிறது. அம்மாவுக்கு இதையெல்லாம் நான் விளக்கவில்லை. அவள் ஏற்கெனவே அப்படித்தான் வாசிக்கிறாள்.

இப்போது நான் கவனிக்காமல் விட்டது. இயேசுவின் வார்த்தைகள் சிவப்பு எழுத்தில் இருக்கும் பதிப்பும் உண்டு, எல்லாமே கறுப்பில் இருப்பதும் உண்டு. சிவப்பு பார்க்க அழகாக இருந்ததால் அதை எடுத்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, டியூப் லைட் வெளிச்சத்தில் அம்மாவின் கண்ணுக்குச் சிவப்பு எழுத்து தாளோடு கரைந்துவிடுகிறது. சங்கீதத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கிறவள், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷத்தில் திணறினாள். புரை உள்ளவர்களுக்குக் கறுப்பு எழுத்தையே வாங்குங்கள். நாங்கள் கண்டுபிடித்த வழி, சுவிசேஷங்களைக் காலையில் கிழக்கு ஜன்னலடியில் உட்கார்ந்து வாசிப்பது.

மத்தேயு 20-ஐ அப்படித்தான் ஒரு காலையில் வாசித்தாள். திராட்சத்தோட்டக் கூலிக்காரர் உவமை. முதல் 16 வசனமும் சிவப்பு. வீட்டெஜமான் விடியற்காலையில் ஆள் கூப்பிடுகிறான், நாளுக்கு ஒரு பணம் கூலி. ஒன்பது மணிக்கு, மத்தியானம், மூன்று மணிக்கு என்று மறுபடி மறுபடி கூப்பிடுகிறான். கடைசியில் பதினோராம் மணி வேளையில், அதாவது பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போதும் சிலரைக் கூப்பிடுகிறான். எல்லாருக்கும் அதே ஒரு பணம்.

இந்த இடம் எங்கள் வீட்டில் நான்கு வருஷமாகக் கிடந்த ஒரு வலி. அப்பா லோடு ஏற்றுகிற வேலை பார்த்தவர். குடி. அம்மாவின் பீடிக் கூலி எத்தனையோ சனிக்கிழமை வீடு வந்து சேர்ந்ததில்லை. ஈரல் கெட்டு, கடைசியாக ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். ஐந்தாவது நாள் அவராகவே சபைப் போதகரான ஐயரைக் கூப்பிடச் சொன்னார். நடுங்குகிற கையில் திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்கினார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். அடக்கம் முடிந்து வந்த அன்று பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து, "வாழ்நாளெல்லாம் இவள அழ வச்சிட்டு, கடைசி நாலு நாள்ல ஐயரக் கூப்பிட்டா எல்லாம் சரியாப் போச்சா?" என்று கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. எனக்கும் அதே கேள்விதான். ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறேன், கிருபை இலவசம் என்று பாடுகிறேன், ஆனால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரே கூலி என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்தவர்கள் முறுமுறுத்தார்கள் என்று வருகிறதே, அந்த வரிசையில்தான் நான் நின்றேன். அம்மாவுக்காக நிற்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். கூலி கொடுக்கிற இடத்தில் நிற்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் நின்றது அதற்கு முன்னால், ஏழாம் வசனத்தில். பகல் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று எஜமான் கேட்க, 'ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை' என்று அவர்கள் சொல்லும் இடம். அதை இரண்டு தடவை வாசித்தாள். ஜன்னல் வெயில் பக்கத்தின் மேல் விழுந்திருந்தது, சிவப்பு எழுத்து நன்றாகத் தெரிந்தது.

"பாரேன்," என்றாள். "உங்கப்பாவயும் யாரும் கூப்பிடலட்டி. சின்னதுல ஆத்தா செத்துப் போனா. அவுகள யாரு கூப்பிட்டா? பொழுது சாயப் போறப்பதான் கூப்பிட்டாக. ஒடனே எந்திரிச்சுப் போயிட்டாக."

எனக்கு ஒன்றும் பேச வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவருக்கும் ஒரு பணம், உனக்கும் ஒரு பணம்னா உனக்குப் பரவாயில்லையாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஏதோ தெரியாத பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "கூலின்னா எண்ணித்தான்ட்டி குடுப்பாக. இது கூலியா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வசனத்துக்கு விரலை நகர்த்தினாள்.

அந்த ஒலிப்பதிவை அவள் கேட்டிருந்தபோதும் மத்தேயு 20 ஓடித்தான் இருக்கும். ஏழாம் வசனம் மூன்று நொடியில் கடந்து போயிருக்கும். ஒரு இடத்தில் நிற்க வேண்டும் என்று அவள் சொன்னது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எழுத்துப் பெரிதாக இருப்பதால் கண் தங்குகிறது. கண் தங்குவதால் மனசும் அங்கேயே தங்குகிறது. இந்தப் புத்தகத்துக்கு நான் கொடுத்த விலை அதற்காகத்தான் என்று இப்போது சொல்வேன்.

மற்ற சில்லறை விஷயங்கள். ஜிப் வைத்த உறை வேண்டாம், மூட்டுவலி உள்ள விரலுக்கு இழுக்கக் கஷ்டம். பட்டன் வைத்ததோ சும்மா மடிக்கிற உறையோ போதும். ஆறு மாதத்தில் தையல் விடவில்லை, விரித்து வைத்தால் தானாக மூடிக்கொள்வதும் நின்றுவிட்டது. பின்பக்க வரைபடங்களின் எழுத்து மட்டும் பழையபடி கடுகுதான். பெரிய எழுத்து என்று போட்டுவிட்டு அதை ஏன் விட்டார்கள் என்று தெரியவில்லை.

முன்பக்கத்தில் 'அன்பளிப்பு' என்று ஒரு பக்கம், யாருக்கு, யார், தேதி என்று கோடு போட்டிருக்கும். அதில் அம்மா பெயரை எழுதி வைத்திருந்தேன். மத்தேயு 20 வாசித்த வாரம், அதோடு அப்பா பெயரையும் எழுதச் சொன்னாள். இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் ஜன்னலடியில் உட்கார்ந்து, அம்மா பார்த்துக்கொண்டிருக்க, அதே கோட்டில், அதே அளவு எழுத்தில் எழுதினேன். மை பேனாதான் கையில் இருந்தது. மறுபக்கம் ஊறுமோ என்று பயந்தேன். அந்தத் தாள் மட்டும் கனமானது, ஊறவில்லை.