1863 பிரகடனமா, 1865 திருத்தமா?

அமெரிக்காவில் அடிமைமுறை எப்போது ஒழிந்தது என்று கேட்டால் சிலர் 1863 என்கிறார்கள், சிலர் 1865. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தையும் அரசியல் சாசனத்தின் 13ஆவது திருத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

எல்லை
பிரகடனம்: வடக்குக்கும் தெற்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் கிளர்ச்சியில் இருந்த தெற்குப் பகுதிகளுக்கு மட்டும். வடக்கோடு நின்ற கென்டக்கி, டெலவேர், மேரிலாந்து, மிசௌரி மாநிலங்களின் அடிமைகளை அது தொடவே இல்லை.
திருத்தம்: நாடு முழுவதும்.

உறுதி
பிரகடனம்: படைத்தலைவர் என்ற போர்க்கால அதிகாரத்தில் போட்ட ஆணை. போர் முடிந்தபின் நீதிமன்றத்தில் நிற்குமா என்ற கவலை லிங்கனுக்கே இருந்தது.
திருத்தம்: சாசனத்திலேயே ஏறிவிட்டது. ஆனால் குற்றத்துக்குத் தண்டனையாகக் கட்டாய வேலை வாங்கலாம் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். தெற்கில் கைதிகளைக் குத்தகைக்கு விட்ட கொடுமை அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. இதைச் சொல்லாமல் திருத்தத்தைப் புகழக் கூடாது.

நிறைவேற்றம்
பிரகடனம்: ஒரே கையெழுத்து, 1863 ஜனவரி 1.
திருத்தம்: பிரதிநிதிகள் சபையில் முதலில் தோற்றது, 1865 ஜனவரி 31 அன்று 119–56 என வென்றது. டிசம்பரில் மாநிலங்களின் ஒப்புதல் நிறைவானபோது லிங்கன் உயிரோடு இல்லை.

சட்டப்படி ஒழிந்த ஆண்டு வேண்டுமா, 1865 என்றே எழுதுங்கள். போரின் போக்கு மாறிய இடம் வேண்டுமென்றால் 1863. எனக்கு நெருக்கமானதும் அதுதான். பிரகடனம் படையின் கதவைத் திறக்க, சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தார்கள். ஆள் திரட்டப் பேசிய அடிமை ஒழிப்புப் போராளி ஃபிரெடரிக் டக்ளஸின் மகன்கள் லூயிஸும் சார்லஸும் அவர்களில் இருந்தார்கள்.