எட்டு டிரம் தெப்பம்: ஆற்று வாய் மாறிய ஊருக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

200 லிட்டர் நீல பிளாஸ்டிக் டிரம் எட்டு, சவுக்குக் கம்பு, பலகை, கயிறு. முகத்துவாரம் இடம் மாறி, போன மாதம்வரை நடந்து போய்வந்த மணல்மேடு திடீரென்று தீவாகிப்போகும் பத்துப் பன்னிரண்டு வீட்டுக் குடியிருப்புகளுக்கு முதலில் கைக்கு எட்டுவது இந்தத் தெப்பம்தான். பட்டறையில் சொல்லியும் செய்யலாம், ஊரிலேயே கட்டியும் கொள்ளலாம். பார்க்க வேண்டியவை இரண்டுக்கும் ஒன்றே.

முதலில் எந்தக் கடல் என்று பாருங்கள். வைகையின் மிச்சத் தண்ணீர் ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில் விழுகிறது. குண்டாறு மூக்கையூர்ப் பக்கம் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில். வருஷத்தில் பெரும்பகுதி இரண்டிலும் ஆற்றுத் தண்ணீர் வரத்து கிடையாது. அலை தள்ளும் மணல்தான் வாயை நெருக்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் வந்தால் மணல் எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே அறுத்துக்கொண்டு ஓடும், பழைய வாய் எது என்று பார்க்காது. வடகடலில் வாடைக்காற்று அடிக்கும் மாதங்களும் இந்த வெள்ள மாதங்களும் ஒன்றுதான். அதாவது தெப்பம் மிகவும் தேவைப்படும் நாளும் அதை இறக்கவே கூடாத நாளும் ஒன்றாக வந்து விழும். தென்கடல் சீறுவது ஆனி, ஆடிக் காற்றில்; புயல் சின்னம் இல்லாவிட்டால் வெள்ள நாளில் அது அவ்வளவு முரண்டு பிடிக்காது. அதே தெப்பத்துக்குத் தென்பக்கம் ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தரலாம், வடபக்கம் இரண்டரைக்கு மேல் மனசு வராது.

எத்தனை பேர் ஏறலாம் என்பதில்தான் விற்பவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். கணக்கு எளிது. எட்டு டிரம்மும் முழுக்க அமிழ்ந்தால் 1,600 கிலோ தாங்கும். பாதிதான் அமிழ விட வேண்டும், ஆக 800. டிரம் ஒன்று பத்து கிலோ என்று 80, கம்பும் பலகையும் சுமார் 200. மிச்சம் 520 கிலோ, அதாவது 65 கிலோ ஆள் எட்டுப் பேர். டிரம்முக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். மோட்டார் பைக் ஏற்றினால் இரண்டு பேர் இறங்க வேண்டும். நிரம்பிய 14.2 கிலோ சிலிண்டர் இரும்போடு சேர்ந்து 30 கிலோ வரும். இரண்டு சிலிண்டர் ஒரு ஆள்.

"பதினைந்து பேர் போகலாம்" என்பவரிடம் இதைக் கேளுங்கள்: கரை தட்டும்போது எட்டுப் பேரும் ஒரே ஓரத்துக்கு வந்தால்? அந்த ஓரத்து நாலு டிரம்மின் மேல் ஆட்கள் 520, தெப்பத்தின் பாதி எடை 140, மொத்தம் 660. நாலு டிரம் 800 தாங்கும், தப்பிக்கலாம். அந்த நாலில் ஒன்று ஒழுகித் தண்ணீர் நிரம்பியிருந்தால் 600தான். ஓரம் உள்ளே போய்விடும். பதினைந்து பேருக்கு ஒழுகவே வேண்டாம்.

ஆகவே மூடிதான் உயிர். வாய் அகன்று வளையம் போட்டுப் பூட்டும் டிரம் வேண்டாம். இரண்டு சின்னத் திருகு மூடி உள்ளதை வாங்குங்கள், வாஷர் புதிதாக மாற்றுங்கள். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, கழுவி, காயவைத்த பிறகே மூட வேண்டும். உச்சி வெயிலில் மூடக்கூடாது. உள்ளே சூடேறிய காற்று தண்ணீரில் குளிர்ந்து சுருங்கும். டிரம் ஒடுங்கும், மூடி வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். விடியற்காலையில் மூடினால் இந்தத் தொல்லை இல்லை. நாலு நாலாக இரண்டு வரிசை படுக்க வைக்கும்போது இரண்டு மூடியும் பக்கவாட்டில், நடு உயரத்தில் வரும்படி திருப்பிக் கட்டுங்கள். கடைசி டிரம்மின் மூடியைத் தண்ணீர் தொட்டால் பாரம் அதிகம். தனியாக அளவுக்கோடு வரைய வேண்டியதில்லை.

மேல்தளம் பன்னிரண்டுக்கு எட்டு அடி. பிளைவுட் ஒரு மழைக்கே உப்பிப்போகும். பலகைதான், அரை அங்குல இடைவெளி விட்டு. பனஞ்சட்டம் மலிவாகக் கிடைக்கிறதே என்று தளம் முழுக்கப் போட்டால் அதன் கனமே இரண்டு ஆளைத் தின்றுவிடும்.

தெப்பத்தை இழுத்துக் கடக்க இரு கரைக்கும் கட்டும் இழுகயிறு அடுத்த தலைவலி. கரையில் கம்பு நட்டுக் கட்டினால் மணலில் பிடுங்கிக்கொண்டு வரும். பனைத்துண்டு ஒன்றைக் கயிற்றுக்குக் குறுக்காக, இடுப்பளவு குழியில் படுக்கப் புதைத்து, அதில் கட்டுங்கள். கயிறு கொஞ்சம் தொய்வாக இருக்கட்டும். விறைப்பாகக் கட்டிய கயிற்றை நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளினால், தள்ளும் விசையைப் போலப் பல மடங்கு கயிற்றில் ஏறும். கடந்து முடித்ததும் ஒரு முனையை அவிழ்த்துக் கரைக்கு இழுத்துவிடுங்கள். வள்ளம் வரும் வழி அது, அதன் எஞ்சின் காற்றாடியில் (புரொப்பல்லரில்) கயிறு சுற்றினால் சண்டை வரும். மிதக்கும் பிளாஸ்டிக் கயிறு கண்ணுக்குத் தெரியும், ஆனால் வெயிலில் பொரிந்துபோகும். நார் நாராகத் தூசி உதிர ஆரம்பித்தால் மாற்றிவிட வேண்டும்.

செம்மண் நிறத்தில் புதுத்தண்ணீர் வந்து, கூடவே சீமைக்கருவேல் கிளையும் மிதந்து வந்தால் தெப்பத்தை மேலே ஏற்றிக் கட்டிவிடுங்கள். ஓட்டம் இரண்டு மடங்கானால் தள்ளும் விசை நாலு மடங்கு. அந்த நாளில் எஞ்சின் வள்ளம்தான், அதுவும் ஓட்டுகிறவர் சரி என்றால். பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை எந்த நாளானாலும் கட்டாயம்.

மாற்றாகச் சொல்லப்படும் லாரி டியூப் தெப்பம் இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக்கு ஆகாது. ஒரு கருவேல முள் போதும். தெர்மாகோல் மிதவை ஒற்றை ஆள் மீன்பிடிக்கச் சரி, குடும்பம் ஏற அல்ல.

பட்டறைக்காரர் இரும்புக் குழாயில் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பார். பார்க்க அழகுதான், ஆனால் உப்புத் தண்ணீர் முதலில் தின்பது அந்த ஒட்டைத்தான். அதைவிட, அடுத்த மழையில் வாய் இன்னும் அரை மைல் தள்ளித் திறந்தால் மணலில் அதை இழுத்துப் போக வேண்டும். கயிற்றில் கட்டிய சவுக்குச் சட்டம் அரை நாளில் பிரியும், டிரம்மைத் தலைக்கு ஒன்றாகத் தூக்கிப் போகலாம்.