பூம்பாறை வீட்டுக்கு வந்த நர்ஸக்கா: பத்து மாதம் கழித்து எழுதுகிறேன்

மன்னவனூரில் இருக்கும் தோழிக்கு அடுத்த மாதம் பிரசவம். "வீட்டுக்கு வர்ற நர்ஸை நம்பி ஊரிலேயே இருக்கலாமாடி?" என்று நேற்று கேட்டாள். போனில் சொல்லி முடியவில்லை.

கொடைக்கானலில் பிரசவமாகி மூன்றாம் நாள் பூம்பாறைக்கு வந்தோம். அன்று மதியமே நர்ஸக்கா வந்துவிட்டார். கை கழுவி, உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் குழந்தையைத் தொட்டார். புறங்கையை முதலில் வயிற்றில் வைத்தார், அப்புறம் பாதத்தில். "வயிறு வெதுவெதுப்பா இருக்கு, பாதம் சில்லுனு இருக்கு. பாப்பாவுக்குக் குளிருதும்மா." குழந்தையை என் நெஞ்சோடு சேர்த்து வைத்துப் போர்வையைப் போர்த்தினார். அத்தை கதவைச் சாத்திவிட்டு அறைக்குள் வைத்திருந்த கரி அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்தார். மூடிய அறையில் கரி எரிந்தால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்று அத்தையிடம் பதமாகச் சொன்னார். பூண்டுப் பத்தியத்தில் மட்டும் கைவைக்கவில்லை. எங்கள் ஊர்ப் பூண்டாயிற்றே!

துணித் தூளியில் போட்டுத் தராசில் தொங்கவிட்டபோது முள் 2.6 கிலோவில் நின்றது. பிறந்தபோது 2.8. நான் அழுதே விட்டேன். முதல் சில நாளில் பத்து சதவீதம் வரை குறையலாம், இரண்டு வாரத்தில் ஏறிவிடும் என்றார். 14-ம் நாள் 2.9 காட்டியது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. நான் பால் கொடுத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் "பால் கொடும்மா" என்றார்களே தவிர, எப்படி என்று யாரும் காட்டவில்லை. "காம்பு மட்டும் வாய்க்குள்ள போனா வலிக்கத்தான் செய்யும். சுத்தியிருக்கிற கருவட்டமும் போகணும், தாடை மார்பில் ஒட்டணும்" என்று குழந்தையை லேசாகத் திருப்பி வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நான் அப்போதுதான் மூச்சு விட்டேன்.

சரி, இப்போது என் கோபத்தையும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிப் பிரசவம் என்றால் 3, 7, 14, 21, 28, 42-ம் நாட்களில் நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது அரசுத் திட்டம். 20-ம் நாள் ராத்திரி எனக்குப் பால் கட்டி, மார்பு கல்லாகி, காய்ச்சல் அடித்தது. விடிந்தால் வந்துவிடுவார் என்று பல்லைக் கடித்துக் காத்திருந்தேன். வரவில்லை. போனும் போகவில்லை. மழையில் ஜீப் பிடித்துக் கொடைக்கானல் போய் மருந்து வாங்கினோம். 28-ம் நாள்தான் வந்தார். 21-ம் நாள் வேறு ஊரில் தடுப்பூசி நாளாம். அவர் ஒருவரே எத்தனை ஊருக்கு ஓடுவார், அது எனக்கும் தெரியும். இருந்தாலும் முந்தின நாள் "நாளைக்கு வர முடியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ராத்திரியே கிளம்பியிருப்பேன். அந்த ஒரு நாளை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

அதனால் தோழியிடம் சொல்லிவிட்டேன்: 42 நாளும் கொடைக்கானலில் உன் அம்மா வீட்டிலேயே இரு. அங்கேயும் மூன்றாம் நாள் நர்ஸ் வருவாரா என்று இப்போதே கேட்டு வை. வந்தால், நீ பால் கொடுத்து முடிக்கும் வரை அவரை எழுந்துபோக விடாதே.