ஏற்காடு ஏற எந்தப் பெடல்? மூன்று முறை விழுந்தவனின் ஒப்பீடு

ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட் கழலாமல் இதுவரை மூன்று முறை விழுந்திருக்கிறேன், மூன்றுமே சைக்கிள் நின்ற பிறகு. ஏற்காட்டிலிருந்து கை நோக நோக பிரேக் பிடித்துக்கொண்டு இறங்கும் வேகத்தில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. விழுந்ததெல்லாம் சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில், அடிவாரத்து டீக்கடை வாசலில், அப்புறம் ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது. வெட்டிய வாழை மாதிரி அப்படியே பக்கவாட்டில். அதனால் யாராவது பெடல் பற்றிக் கேட்டால், ஏறும்போது எது நன்றாக இழுக்கும் என்று நான் ஆரம்பிப்பதில்லை, நிற்கும்போது எது காலை விடும் என்றுதான் ஆரம்பிப்பேன்.

முதலில் கால் ஏன் மாட்டிக்கொள்கிறது என்று பார்ப்போம். ஷூவின் அடியில் இருக்கும் கிளீட் பெடலின் ஸ்பிரிங்குக்குள் 'டக்' என்று உட்கார்ந்துவிடும், குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஆனால் சின்ன வயதில் அரைப்பெடல் போட்ட நாளிலிருந்து, விழப்போகிறோம் என்றால் காலை நேராக மேலே தூக்கித்தான் நமக்குப் பழக்கம். தூக்கினால் வராது. வரவில்லை என்று மூளைக்குத் தெரிவதற்குள் ரோடு வந்துவிடும். இதில் வேடிக்கை, இந்தப் பெடல்களுக்குப் பெயர் 'கிளிப்லெஸ்'. பழைய பந்தய சைக்கிள்களில் கால்விரலுக்கு ஒரு கூண்டும் தோல் வாரும் இருந்தன, அந்தக் கூண்டுதான் கிளிப், அது இல்லாததால் இந்தப் பெயர். பனிச்சறுக்கு மட்டைக்குப் பூட்டு செய்துகொண்டிருந்த லுக் என்ற பிரெஞ்சு கம்பெனி 1984-ல் அதே யோசனையைப் பெடலுக்குக் கொண்டுவந்தது, அதை மாட்டிக்கொண்டு பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ 1985-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். வாரைக் குனிந்து கையால் தளர்த்த வேண்டிய அந்தக் காலத்தோடு ஒப்பிட்டால் நாம் இன்றைக்கு விழுவது சொகுசுதான்.

நான் ஆரம்பித்தது மூன்று போல்ட் ரோடு பெடலில், அதாவது கிளீட்டை ஷூவின் அடியில் மூன்று போல்ட்டால் முடுக்குகிற வகை. கடையில் பார்க்க அழகாக இருந்தது, வேறு காரணம் இல்லை. பெரிய பிளாஸ்டிக் கிளீட், உள்ளங்கால் முழுக்க ஒரு பலகைமேல் நிற்பது போன்ற உறுதி, நீண்ட ஏற்றத்தில் சுகமாகவே இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பெடலுக்கு ஒரு பக்கம்தான் உண்டு. சும்மா விட்டால் பின்பாரம் தாழ்ந்து தொங்கும், அதன் மூக்கைக் கால் நுனியால் பிடித்துத் திருப்பி மாட்ட வேண்டும். சமதளத்தில் இது ஒரு வேலையே இல்லை, ஏற்றத்தில் நின்றுவிட்டு மறுபடி கிளம்பும்போது பெடல் கிடைப்பதற்குள் வண்டி நின்றுவிடும், நின்றால் விழுவோம், விழுந்தால் மறுபடி அதே கதை. ஷிமானோ என்ற ஜப்பான் கம்பெனியின் மூன்று போல்ட் வகையான எஸ்பிடி-எஸ்எல் கிளீட்டில் நிறத்துக்கு ஒரு அர்த்தம் உண்டு: மஞ்சள் என்றால் பூட்டுக்கு உள்ளேயே கால் திரும்ப 6 டிகிரி ஆட்டம், நீலம் 2 டிகிரி, சிவப்பில் ஆட்டமே கிடையாது. மஞ்சள் முழங்காலுக்கு இதமானது, ஆனால் புதிதாக ஓட்டுகிறவர் குதிகாலைக் கொஞ்சம் திருப்பிவிட்டு 'கழன்றிருக்கும்' என்று நம்பிவிடுவார். கழன்றிருக்காது, இன்னும் திருப்ப வேண்டும். அஸ்தம்பட்டியில் முன்னால் போன ஆட்டோ திடீரென நின்றபோது நான் நம்பியது இதைத்தான். தப்பு பெடலுடையது இல்லை, என் காலுடையது. நடப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், லாடம் அடித்த மாடு சிமெண்ட் தரையில் நடக்கிற மாதிரி இருக்கும், கிளீட்டும் வேகமாகத் தேயும்.

அடுத்தது இரண்டு போல்ட் எஸ்பிடி. மலை சைக்கிளுக்காக ஷிமானோ 1990-ல் கொண்டுவந்தது. கிளீட் சின்ன இரும்புத் துண்டு, ஷூவின் அடிக்குழிக்குள் ஒளிந்திருக்கும், அதனால் இறங்கிப் போய் டீ குடிக்கலாம், ஏரிக்கரையில் நடக்கலாம். பெரும்பாலான பெடல்களில் இரண்டு பக்கமும் மாட்டும், குனிந்து பார்க்கத் தேவையில்லை. ஏற்றத்தில் நின்று கிளம்புகிறவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பத்தாவது வளைவில் புரியும்.

இந்தக் கிளீட்டிலேயே இரண்டு வகை இருப்பது நிறைய பேருக்குத் தெரியாது. பெடல் பெட்டியோடு வழக்கமாக வருவது எஸ்எச்51, பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் கழலும். எஸ்எச்56 என்று தனியாக வாங்க வேண்டிய ஒன்று இருக்கிறது, அது பக்கவாட்டில் மட்டுமில்லாமல் வெடுக்கென்று மேல்நோக்கி இழுத்தாலும் விடும். அதாவது பயத்தில் உடம்பு தானாகச் செய்கிற அசட்டுத்தனத்தையும் ஏற்றுக்கொள்ளும். குறை என்னவென்றால், எழுந்து நின்று பலமாக இழுத்து மிதித்தால் வேண்டாத நேரத்திலும் கழன்றுவிடலாம். ஆனால் ஏற்காட்டு ஏற்றத்தில் யார் ஸ்பிரிண்ட் அடிக்கிறார்கள்? சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள், ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. நம்மில் பாதிப் பேர் ஊர்ந்துதான் போகிறோம். எந்தக் கிளீட்டாக இருந்தாலும் பெடலில் இருக்கும் சின்னத் திருகை அலன் கீயால் தளர்த்தி ஸ்பிரிங்கைக் குறைந்த அளவில் வைத்துவிட்டு ஆரம்பியுங்கள், இறுக்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் இரண்டாவது விழுதல் இந்த இரண்டு போல்ட்டில்தான், அதுவும் பழகிவிட்டது என்ற தெனாவட்டில் இருந்தபோது. கிளீட்டின் ஒரு போல்ட் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது, நான் கவனிக்கவில்லை. அப்போது குதிகாலைத் திருப்பினால் ஷூதான் திரும்பும், கிளீட் பெடலோடு சும்மா உட்கார்ந்திருக்கும். எவ்வளவு திருப்பினாலும் வராது. டீக்கடை அக்கா பால் பாத்திரத்தைக்கூட விடாமல் எட்டிப் பார்த்து, "ஏந்தம்பி, காலைக் கட்டிப்போட்ட மாடாட்டம் உழுந்துட்டீங்க?" என்றார். அதைவிடச் சரியாக யாரும் சொல்ல முடியாது. அந்த நிலைமையில் ஒரே வழி, ஷூவைத் தளர்த்திக் காலை மட்டும் உருவிக்கொள்வதுதான். மாதம் ஒருமுறை போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். கிளீட்டில் மண் அடைந்திருந்தால் தட்டிவிடுங்கள்.

பூட்டே இல்லாத சாதாரண ஃப்ளாட் பெடலைக் கேவலமாகப் பார்க்கிறவர்கள் கண்ணங்குறிச்சிப் பக்கம் விடியற்காலையில் நின்று பார்க்கலாம், பால் கேனைக் கட்டிக்கொண்டு ரப்பர் செருப்போடு மேடேறிப் போகிற பெரியவர் இவர்களை முந்திக்கொண்டு போவார். காலை மேல்நோக்கி இழுத்து மிதிப்பதால் பெரிய பலம் கிடைக்கும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் வேலை பெரும்பாலும் கீழே அழுத்துவதில்தான் நடக்கிறது. முள் வைத்த நல்ல ஃப்ளாட் பெடலும் தட்டையான ரப்பர் ஷூவும் இருந்தால் கால் அசையாது. மழையில் மட்டும் கவனம், வழுக்கினால் அந்த முள் முழங்காலுக்குக் கீழே எலும்புமேல் கோடு போட்டுவிடும். கிளீட் கழலாமல் விழும் பிரச்சினை இதில் அறவே இல்லை. முதல் வருஷம் ஓட்டுகிறவருக்கு என் சிபாரிசு இதுதான், பந்தா காட்ட ஆசை இருந்தாலும்கூட.

மூன்றாவது விழுதலுக்குப் பெடலைக் குறை சொல்ல முடியாது. நாம் இடதுபக்கம் போகிற நாடு, அதனால் இடது காலைக் கழற்றி இடப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். வலதுபக்கம் ஓட்டும் நாட்டுக்காரர்களின் வீடியோவில் பெரும்பாலும் வலது கால்தான் இறங்கும், அதைப் பார்த்துப் பழகினால் நாம் சாய்வது லாரிக்கு அடியில். சரி, இடது காலைத்தான் கழற்றினேன். ஆனால் இடப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் உள்ஓரம்தான் ரொம்பச் செங்குத்து, ரோடும் அந்தப் பக்கமே சரிந்திருக்கும். ஊன்றப் போன கால் நினைத்த இடத்தில் தரையைத் தொடவில்லை. பதறி வலப்பக்கம் உடம்பைத் தள்ளினேன், வலது கால் இன்னும் பூட்டில். இறங்கி வந்த பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது, அதனால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் வளைவுக்குள் நிற்பதில்லை, பஸ் ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே நேரான இடத்தில் நின்றுவிடுகிறேன். விழுவது உறுதி என்று தெரிந்துவிட்டால் கையை ஊன்றாதீர்கள், மணிக்கட்டும் காறையெலும்பும்தான் முதலில் வாங்கும். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி பக்கவாட்டில் விழுந்தால் தோலும் மானமும் மட்டும் போகும்.

இப்போது என் வண்டியில் இருப்பது ஒரு பக்கம் ஃப்ளாட், மறுபக்கம் எஸ்பிடி உள்ள பெடல், கிளீட் எஸ்எச்56. கோரிமேடு தாண்டும் வரை ஃப்ளாட் பக்கம், அடிவாரம் கடந்ததும் புரட்டி மாட்டிக்கொள்வேன், வழியில் காட்டெருமை நின்றால் மறுபடி ஃப்ளாட். எடை கொஞ்சம் அதிகம், சரியான பக்கத்தைக் காலால் தேடுவது எரிச்சல், இரண்டையும் சகித்துக்கொள்கிறேன். பந்தயத்துக்குப் போகிறவர் மூன்று போல்ட்டிலேயே இருக்கட்டும், அவர்களுக்கு நடுரோட்டில் நிற்கிற வேலை இல்லை.

வீட்டிலேயே மாற்றுவதாக இருந்தால் ஒன்று: இடது பெடலின் மரை தலைகீழ். வலதைக் கழற்றுகிற மாதிரியே இடதையும் திருப்பினால் இறுகிக்கொண்டேதான் போகும், அதோடு மல்லுக்கட்டிய இரவில்தான் என் கையில் முதல் ரத்தம் வந்தது, விழுந்த மூன்று முறையும் வராத ரத்தம்.