ஐவி பழகும் ரப்பர் கை: நாலு வருஷம் குத்திப் பார்த்த அனுபவம்

எங்கள் நர்சிங் கல்லூரி லேபுக்கு ஐவி, அதாவது ரத்தக் குழாயில் ட்ரிப் போடப் பழகும் ரப்பர் கை வந்து நாலு வருஷம் ஆகிறது. வருஷத்துக்கு நாற்பது பிள்ளைகள், ஆளுக்குப் பத்துக் குத்தாவது குத்தியிருப்பார்கள். வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வென்ஃப்ளானை (மேலே மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போர்த்திய ஊசி) 10 முதல் 30 டிகிரி சாய்வில் பிடிப்பது, ரத்தத்துக்குப் பதிலாக உள்ளே நிரப்பிய சிவப்புத் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் இன்னும் தாழ்த்திக் கொஞ்சம் நகர்த்துவது, ஊசியை அசைக்காமல் மேலிருக்கும் குழாயை மட்டும் உள்ளே தள்ளுவது எல்லாம் இதில் நன்றாகவே கைக்குப் படிகிறது. போன பேட்ச்சில் ஒரு பெண் அழகாக லைன் போட்டுவிட்டுச் சிரித்தபடி ஊசியை உருவினாள். கையில் இறுக்கிக் கட்டும் டூர்னிக்கெட் பட்டையை அவிழ்க்கவில்லை, வெயினை (ரத்தக் குழாயை) மேலே அமுக்கவும் இல்லை. மேசை, ரெக்கார்டு நோட்டு, வெள்ளைக் கோட்டு எல்லாம் சிவப்பு. அப்புறம் அவள் டூர்னிக்கெட்டை மறந்து நான் பார்த்ததில்லை.

இனி குறைகள். ஆறே மாதத்தில் தோல் சல்லடையாகிவிட்டது. பிள்ளைகள் வெயினைத் தடவித் தேடுவதை விட்டுவிட்டு, பழைய ஓட்டையில் குத்த ஆரம்பித்தார்கள். மாற்றுத் தோல் கேட்டால் வர இரண்டு மாதம். சாயத் தண்ணீரை வடிக்காமல் ஒரு வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டோம். திங்கட்கிழமை லேப் பக்கமே போக முடியவில்லை.

இந்தக் கையில் தடித்த, பச்சை நிற 18 கேஜ் ஊசிகூட வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கும். அதே தைரியத்தில் வார்டில் எழுபது வயதுப் பாட்டியிடம் போகிறார்கள். அங்கே வெயின் வழுக்கி ஓடும், தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், மெல்லிய, நீல நிற 22 போதும். இதெல்லாம் கட்டிலருகில்தான் சொல்லித்தர முடிகிறது.

எனக்கு உறுத்துவது வேறு. ரப்பர் கை வீங்காது. லைன் அவுட் ஆகி, அதாவது வெயினைவிட்டு விலகி, திரவம் தோலுக்கடியில் இறங்கினால் நிஜக் கை உப்பும், இறுகும், தொட்டால் சில்லென்று இருக்கும். இதுவோ எதை ஏற்றினாலும் அப்படியே கிடக்கும்.

அதனால் பக்கத்தில் ஒரு ட்ரிப் ஸ்டாண்டையும் வைத்தேன். 500 மில்லி சலைன், 4 மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விழும் செட். நிமிடத்துக்கு 42 சொட்டு என்று கணக்குப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணிச் சரிசெய்ய வேண்டும். அவர்கள் திரும்பிய நேரம் பார்த்து சொட்டு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரை லேசாக நகர்த்திவிடுவேன். ஒரு தடவை எண்ணிவிட்டு அரட்டைக்குப் போனவர்கள் அப்போது மாட்டுவார்கள்.

நானே நோயாளியாகவும் உட்கார்ந்துகொள்வேன். "சிஸ்டர், எரியுது" என்பேன். முதல் வாரத்தில் பாதிப் பேர் சொல்லும் பதில், "கொஞ்ச நேரத்துல சரியாயிடும்மா." அவர்களுக்கு அன்றைக்குக் கையெழுத்துக் கிடையாது. முதலில் ட்ரிப்பை மூடிவிட்டு, அப்புறம் கையைத் தொட்டுப் பார்க்கிறவளுக்குத்தான் கையெழுத்து.

மறுபடியும் வாங்குவேனா? வாங்குவேன். மாற்றுத் தோல் இரண்டு சேர்த்துக் கொடுத்தால்தான் பில்லுக்குச் சம்மதிப்பேன்.