ஐஈஎல்டிஎஸ் கட்டுரைக்கு சாட்ஜிபிடி: பிழை பார்க்கலாம், புள்ளி கேட்க வேண்டாம்

மட்டக்களப்பில் ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பலர் கட்டுரையை சேரிடம் காட்ட முன்னமே சாட்ஜிபிடியிடம் கொடுத்துவிடுகிறார்கள். இலக்கணம் பார்க்க நல்ல சாமான்தான். ‘மோஸ்ட் ஒஃப் பீப்பிள்’ என்று எழுதினால் நடுவில் ‘த’ விடுபட்டதை உடனே பிடிக்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வழுக்குகிற இடம் அது.

முதலில் 40 நிமிடம் வைத்து, உதவியில்லாமல் 250 சொல்லுக்குக் குறையாமல் எழுத வேண்டும். பிறகு கேள்வியையும் சேர்த்துக் கொடுத்து, "திருப்பி எழுதாதே, பிழையான வசனத்தையும் காரணத்தையும் மட்டும் தமிழில் சொல்" என்று கேளுங்கள். இதைச் சொல்லாவிட்டால் முழுக் கட்டுரையையும் மினுக்கித் தந்துவிடும். பிள்ளை அதைப் பாடமாக்கும். பாடமாக்கிய விடை பரீட்சகருக்குத் தெரியும், புள்ளியும் குறையும்.

அது சொல்கிற பேண்ட் கணக்கை, அதாவது ஐஈஎல்டிஎஸ் புள்ளியை, நம்பவே வேண்டாம். அதே கட்டுரையைப் புதிதாகக் கொடுத்தால் 6.5 என்றது 7 ஆகிவிடலாம். கேள்விக்குப் பதில், ஒழுங்கு, சொல்வளம், இலக்கணம் என்ற நாலையும் தனித்தனியாகக் கேட்டால் ஓரளவு உருப்படியான பதில் வரும். சொல் எண்ணுவதிலும் தடுமாறும், அதற்கு வேர்ட் போதும். எழுத்துப் பரீட்சையின் முதல் பகுதியில் வரும் வரைபடத்தைப் படமாகப் போட்டால் இலக்கங்களைப் பிழையாக வாசிக்கக்கூடும். கையால் அடித்துக் கொடுப்பது நல்லது.